ரஜூலா கப்பலின் முதலாளி: இஞ்ச்கேப் பிரபுவும் நம் முன்னோரும்



நம் சாலாக் செலாத்தான் வட்டாரத்தில் வயதான ஒருவரிடம், "தாத்தா, உங்க குடும்பம் இந்த நாட்டுக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்கப்பா ரஜூலாவுல வந்தாருப்பா. நாகப்பட்டினத்துல ஏறி கிள்ளான் பக்கத்துல எறங்கினாரு" என்ற பதில் அநேகமாக வரும். ரஜூலா என்ற பெயர் நம் வீடுகளில் ஒரு சொந்தக்காரர் பெயரைப் போலவே புழங்கிய பெயர்.

சரி, அந்தக் கப்பலின் முதலாளி யார்? இப்படிக் கேட்டால், "யாரோ ஒரு வெள்ளைக்காரன்" என்று சொல்லி விட்டுவிடுவோம். அந்த வெள்ளைக்காரருக்கும் ஒரு பெயர் உண்டு, பிறந்த ஊர் உண்டு, வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால்தான் நம் பூட்டன்மார் எந்தக் கணக்கில் இங்கே கொண்டுவரப்பட்டார்கள் என்பது நமக்கு விளங்கும். ஆகவே இப்பரிசளிப்பு விழா மலரில் அந்தக் கப்பல் முதலாளியின் கதையைச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

பாறையின் பெயர் கொண்ட பிரபு

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் அர்புரோத் என்றொரு சிறு துறைமுகப் பட்டினம் இருக்கிறது. அதற்கு எதிரே, கரையிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தூரத்தில், கடல் நீருக்குள் மறைந்தும் தெரிந்தும் கிடக்கிறது ஒரு பாறை. அதன் பெயர் இஞ்ச்கேப். அந்தப் பாறையில் மோதி எத்தனையோ கப்பல்கள் உடைந்தன. பழைய காலத்தில் அவ்வூர் மடத்துத் தலைவர் ஒருவர் மாலுமிகளை எச்சரிக்க அதில் ஒரு மணியைக் கட்டி வைத்தார் என்று கதை சொல்வார்கள். பின்னர் அங்கே ஒரு கலங்கரை விளக்கம் கட்டப்பட்டு 1811-ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒளி வீசியது.

அந்த அர்புரோத் ஊரில் 1852-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் ஒரு கப்பல் தலைவரின் மகனாகப் பிறந்தவர்தான் ஜேம்ஸ் லைல் மெக்காய். இவரே பின்னாளில் முதலாம் இஞ்ச்கேப் பிரபு ஆனவர். கப்பல்களை உடைத்த பாறையின் பெயரையே ஒரு கப்பல் முதலாளி தமக்குப் பட்டப் பெயராக எடுத்துக்கொண்டது வேடிக்கைதான்!

பிறக்கும்போதே இவர் பிரபு அல்லர். சிறு வயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தவர். முதலில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பத்திரங்களைப் பிரதி எடுக்கும் பையனாக வேலை பார்த்தார். அடுத்து, கப்பலுக்குக் கயிறும் பாய்த்துணியும் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். பிறகு லண்டனுக்குப் போய் ஒரு கப்பல் நிறுவனத்தின் சுங்கப் பிரிவில் கிராணி ஆனார். எந்தச் சரக்குக்கு என்ன வரி, எந்தத் துறைமுகத்துக்கு என்ன கட்டணம் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார். மாணவர்களே, இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். இவர் கற்ற பெரிய வித்தை வேறு ஒன்றுமில்லை. கணக்குதான்!

கல்கத்தாவில் இருபது வருடம்

1874-ஆம் ஆண்டில் மெக்காய் கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே மக்கின்னன் மெக்கென்ஸி என்ற வணிக நிறுவனம் இருந்தது. வில்லியம் மக்கின்னன் என்ற மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கிய நிறுவனம் அது. அவர் 1856-ல் ஆரம்பித்த கப்பல் கம்பெனி 1862 முதல் 'பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி' என்று பெயர் பெற்றது. சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் போட்டிருந்த அதன் கப்பல்களை அந்தக் காலத்தில் வங்காள விரிகுடா முழுவதிலும் காண முடிந்தது.

1878-ல் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகர வங்கி முறிந்தது. அதோடு சேர்ந்து பம்பாயில் பி.ஐ. கம்பெனியின் ஏஜெண்டுகளும் முறிந்து போனார்கள். அந்தக் குழப்பத்தைச் சரிப்படுத்த அனுப்பப்பட்டவர் மெக்காய். வேலையைச் செவ்வனே முடித்தார். விரைவிலேயே நிறுவனத்தில் பங்காளியும் ஆனார். பிறகு வங்காள வர்த்தக சபையின் தலைவர், வைசிராயின் சட்டசபை உறுப்பினர் என்று படிப்படியாக உயர்ந்து, இருபது வருடம் கழித்து 1894 வாக்கில் லண்டன் திரும்பினார். 1902-ல் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் சார்பில் சீனாவோடு ஒரு வர்த்தக ஒப்பந்தம் பேசி முடித்தார். அந்த ஒப்பந்தம் இன்றும் இவர் பெயராலேயே மெக்காய் ஒப்பந்தம் என்று அழைக்கப்படுகிறது.

அனாதையாக நின்ற ஒரு கிராணிப் பையன் இவ்வளவு உயர்ந்தது பாராட்டுக்குரியதே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அது தூத்துக்குடியில் தெரிய வந்தது.

தூத்துக்குடியில் நடந்த போட்டி

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பி.ஐ. கம்பெனிக் கப்பல்கள்தாம் ஓடிக்கொண்டிருந்தன. "நம் கடலில் நம் கப்பல் ஏன் ஓடக் கூடாது?" என்று துணிந்து கேட்டவர் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வழக்கறிஞர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஒரு பெரிய முதலாளியை நம்பாமல் ஊர் மக்களிடமே பங்கு விற்றுக் கப்பல் வாங்குவது என்பது வ.உ.சி.யின் திட்டம். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் வந்து சேர்ந்தன.

பி.ஐ. கம்பெனி சும்மா இருக்குமா? பயணக் கட்டணத்தை மடமடவென்று குறைத்தது. கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, ஆளுக்கு ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். நூறு கப்பல் வைத்திருப்பவன் ஒரு துறைமுகத்தில் நஷ்டப்பட்டாலும் மற்றத் துறைமுகங்களில் ஈடு செய்துகொள்வான். இரண்டு கப்பல் வைத்திருப்பவன் என்ன செய்வான்? போதாததற்கு அரசாங்கமும் குறுக்கே வந்தது. 1908 மார்ச் மாதத்தில் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். இராஜத் துரோகக் குற்றம் சாட்டி இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். மேல் முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் அவர் விடுதலையாகி வெளியே வந்தபோது அவருடைய கப்பல் சங்கம் கலைக்கப்பட்டு விட்டிருந்தது.

அந்த நாளில் பி.ஐ. கம்பெனியை நிர்வகித்த மக்கின்னன் மெக்கென்ஸி நிறுவனத்தின் முக்கியப் பங்காளிகளில் ஒருவர் ஜேம்ஸ் மெக்காய். வ.உ.சி. சிறையில் இருந்த அதே 1911-ஆம் ஆண்டில்தான் மெக்காய்க்கு 'இஞ்ச்கேப் பிரபு' என்ற பட்டம் கிடைத்தது. இருவருமே கப்பல் தொழிலை விரும்பியவர்கள், இருவருமே உழைப்பாளிகள். ஒருவருக்குப் பிரபு பட்டம், மற்றவருக்குச் செக்கு! திறமையில் இருந்த வித்தியாசமா இது? அரசாங்கம் யார் பக்கம் நின்றது என்பதில் இருந்த வித்தியாசம்.

டிக்கெட் இலவசம், ஆனால் யாருக்கு லாபம்?

1914-ல் பி.ஐ. கம்பெனியும் பி. அண்ட் ஓ. கம்பெனியும் இணைந்தன. அடுத்த ஆண்டே இஞ்ச்கேப் அந்தக் கூட்டு நிறுவனத்தின் தலைவர் ஆனார். 1932 வரை, அதாவது பதினேழு வருடம், அந்த நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். நம் முன்னோர்களில் பெரும் பகுதியினர் மலாயாவுக்கு வந்து இறங்கியதும் ஏறத்தாழ இந்தக் காலத்தில்தான்.

பி.ஐ. கம்பெனிக்கு எங்கிருந்து வருமானம்? அரசாங்கத் தபால் ஏற்றிச் செல்லும் ஒப்பந்தம், பட்டாளத்தாரை ஏற்றிச் செல்லும் வேலை, அரிசி போன்ற சரக்குகள், இவற்றோடு கீழ்த்தளத்துப் பயணிகள். டெக்குப் பயணிகள் என்று சொல்வோமே, அவர்கள்தாம். அவர்களுக்கு அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்க வேண்டியதுதான். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் கட்டணம் சிறியது. ஆயிரக்கணக்கான தலைகளால் பெருக்கிப் பாருங்கள். அதுவும் வாரா வாரம், வருடக்கணக்காக!

"எங்க தாத்தா ஓசியில வந்தாரு" என்று சிலர் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. 1907-ல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். தோட்ட முதலாளிகள் தாங்கள் வேலைக்கு வைத்திருக்கும் ஆட்களின் கணக்குப்படி அந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். கங்காணி ஊரிலிருந்து அழைத்து வரும் ஆட்களுக்குக் கப்பல் கட்டணம் அந்த நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. ஆகவே கூலியாள் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கவில்லை. ஆனால் கப்பல் கம்பெனிக்குக் காசு வந்துவிட்டது. தோட்டத் துரைமார் அந்தச் செலவை எதிலிருந்து எடுத்தார்கள்? பால்மரத்திலிருந்து. பால்மரத்தை வெட்டியவர் யார்? அதே கூலியாள். விடிவதற்கு முன் எழுந்து மரம் வெட்டிய கைகள்தாம் அந்தக் 'இலவச' டிக்கெட்டுக்குக் கொஞ்சங்கொஞ்சமாகப் பணம் கட்டின.

1926-ஆம் ஆண்டில், இஞ்ச்கேப் தலைவராக இருந்தபோது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் பாதைக்கென்று இரண்டு கப்பல்கள் கட்டப்பட்டன. ஒன்று ரஜூலா, மற்றொன்று ரோனா. ரஜூலா கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. தொடக்க காலத்தில் சுமார் 5,000 டெக்குப் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு அனுமதி இருந்தது. ஒரு முழு ஊரையே மிதக்க விட்ட மாதிரி!

கடலில் ஒரு வாரம் அளவு ஆடி அசைந்து, வாந்தியும் மயக்கமுமாக வந்தவர்கள் 1901-ல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினார்கள். (1972 முதல் அதற்குப் போர்ட் கிள்ளான் என்று பெயர்.) நோய் பரவாமலிருக்கத் தனி முகாமில் அடைத்து வைத்துப் பார்த்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். கோலாலம்பூரிலிருந்து தெற்கே சிரம்பானை நோக்கிப் போகும் ரயில் பாதையில் இருக்கிறது நம் சாலாக் செலாத்தான் நிலையம். அந்தப் பாதையில் தெற்கத்தித் தோட்டங்களுக்குப் போனவர்கள் நம் ஊரைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். அதே ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளை நிரப்பினார்கள்.

1930-ல் உலக மந்தம் வந்து ரப்பர் விலை படுத்தது. "ஆள் வேண்டாம்" என்றார்கள் துரைமார். ஆயிரமாயிரம் பேரைத் திரும்பவும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். வரும்போதும் பி.ஐ. கப்பல், போகும்போதும் பி.ஐ. கப்பல். கூலியாளுக்கு வேலை போனது. கப்பல்காரருக்குப் பயணி கிடைத்தார்.

பட்டமும் துயரமும்

இங்கிலாந்தில் பிரபு பட்டங்கள் ஐந்து படிகள் கொண்ட ஓர் ஏணி மாதிரி. கீழ்ப்படி பாரன், அதற்கு மேல் வைகவுண்ட், அதற்கு மேல் ஏர்ல். மார்க்குவிஸ், டியூக் ஆகியவை மேலிரண்டு படிகள். இஞ்ச்கேப் 1911-ல் பாரன், 1924-ல் வைகவுண்ட், 1929-ல் ஏர்ல் என்று மூன்று படி ஏறினார். இவை பரம்பரைப் பட்டங்கள். தந்தைக்குப் பின் மூத்த மகனுக்குப் போகும். அத்துடன் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்து நாட்டின் சட்டங்களில் வாக்களிக்கும் உரிமையும் அந்தக் காலத்தில் சேர்ந்தே போனது. 1999-ல் சட்டம் மாறிய பிறகுதான் பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோர் அந்த உரிமையை இழந்தனர்.

1922-23-ல் இந்திய அரசாங்கத்தின் செலவைக் குறைக்க அமைக்கப்பட்ட குழுவுக்கு இவரே தலைவர். சுமார் 19 கோடி ரூபாய் மிச்சம் பிடிக்க அக்குழு வழி சொன்னது. அல்பேனியா நாட்டின் மன்னர் பதவியை ஏற்க விருப்பமா என்று இவரைக் கேட்டதாகவும், இவர் மறுத்துவிட்டதாகவும் கூட ஒரு செய்தி உண்டு.

இவ்வளவு இருந்தும் துயரம் அவரையும் விடவில்லை. அவருடைய மகள் எல்சி, இந்தியாவில் சிம்லாவில் பிறந்தவர். விமானம் ஓட்டக் கற்றவர். 1928 மார்ச் 13-ஆம் நாள் அட்லாண்டிக் கடலை விமானத்தில் கடக்கும் நோக்கத்தோடு, ஹிஞ்ச்கிளிஃப் என்ற விமானியோடு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். திரும்பவே இல்லை. கடல் வழியே செல்வம் சேர்த்தவரின் மகளைக் கடலே கொண்டுபோனது. மகளின் நினைவாக 5 இலட்சம் பவுனை நாட்டின் கடனை அடைக்கும் நிதியாக அவர் வழங்கினார். பெற்ற வயிற்றின் வேதனைக்குப் பிரபு என்றும் கூலி என்றும் வித்தியாசம் இல்லை. வழியிலும் தோட்டத்துக் காய்ச்சலிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த நம் பாட்டிமாரும் அப்படித்தான் அழுதிருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளின் பெயரில் நிதி இல்லை, கல்லும் இல்லை.

1932 மே 23-ஆம் நாள் மொனாக்கோவில், தமது சொந்த உல்லாசப் படகிலேயே இஞ்ச்கேப் பிரபு காலமானார்.

கப்பல்களின் முடிவு

1938 ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கம் உதவிப் பணத்தில் கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. ரோனா கப்பல் இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தை ஏற்றிச் சென்றபோது 1943 நவம்பர் 26-ல் அல்ஜீரியாவுக்கு அருகே ஜெர்மானியர் குண்டுக்கு இரையானது. 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் அமெரிக்கச் சிப்பாய்களே அதிகம். கப்பல் ஊழியர்களும் நூற்றுக்கு மேல் இருந்தார்கள்.

ரஜூலா மட்டும் தப்பிப் பிழைத்து ஓடிக்கொண்டே இருந்தது. முதலாளி வீட்டிலும் பரம்பரை தொடர்ந்தது. பேரன் கென்னத் மெக்காய் மூன்றாம் ஏர்ல் ஆனார். குடும்பத்தின் பல கம்பெனிகளை 1958-ல் ஒரே நிறுவனமாக்கினார். அந்த நிறுவனம் 1967-ல் போர்னியோ கம்பெனியையும் சேர்த்துக்கொண்டது. 1973-ல் அவரும் தாத்தாவைப் போலவே பி. அண்ட் ஓ. தலைவரானார். அதே ஆண்டில்தான் ரஜூலா இந்திய அரசின் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டது. சில காலத்திலேயே உடைக்கவும்பட்டது. அதற்குப் பிறகு நம்மவர்களை ஏற்றி வந்த எம்.வி. சிதம்பரம் என்ற கப்பல் 1985-ல் தீ விபத்துக்கு ஆளானது. அத்தோடு சென்னையிலிருந்து நம் நாட்டுக்கு வந்த பயணிகள் கப்பல் போக்குவரத்தும் முடிவுக்கு வந்தது.

நம் கைக்கு வந்த பரம்பரைச் சொத்து

இஞ்ச்கேப் பிரபு தம் சந்ததிக்குப் பட்டமும் பங்கும் வைத்துவிட்டுப் போனார். டெக்கில் பாய் விரித்து வந்தவர்கள் என்ன வைத்துவிட்டுப் போனார்கள்? தகரப் பெட்டி மட்டுந்தானா?

இல்லை. வ.உ.சி. தூத்துக்குடியில் கண்ட கனவு இந்த மண்ணில் வேறொரு உருவத்தில் நிறைவேறியது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டார்கள். குடும்பம் குடும்பமாக வேலையும் வீடும் போயிற்று. அந்த நேரத்தில் துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், "நீங்கள் வேலை செய்கிற தோட்டத்தை நீங்களே வாங்குங்கள்" என்றார். தொழிலாளர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்குப் பணம் கட்டினார்கள். 1961-ல் கெடா மாநிலத்து புக்கிட் சீடிம் தோட்டம் அவர்கள் சங்கத்தின் சொத்தானது. டெக்கில் வந்தவர்களின் பிள்ளைகள் முதலாளிகள் ஆனார்கள். தனி ஒருவராக அல்ல, கூடி நின்று!

பள்ளிக்கூடம் இன்னொரு சொத்து. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. எத்தனையோ இடங்களில் அது பேருக்கு ஒரு கொட்டகையாகத்தான் இருந்தது. ஆனாலும் நம் முன்னோர்கள் அதை விடவில்லை. அந்தக் கொட்டகைகளில் எரிந்த விளக்குதான் இன்று நம் தமிழ்ப் பள்ளிகளில் எரிகிறது. இந்த மேடையில் பரிசு வாங்கும் பிள்ளை ஒவ்வொருவரும் அந்தச் சொத்துக்கு வாரிசு.

மாணவச் செல்வங்களே! இஞ்ச்கேப் பிரபுவிடமிருந்து கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு டிக்கெட்டின் விலை எங்கிருந்து வருகிறது, லாபம் யாருக்குப் போகிறது என்று கேட்கத் தெரிந்த பிள்ளையை யாரும் ஏமாற்ற முடியாது. வ.உ.சி.யிடமிருந்து துணிவைக் கற்றுக்கொள்ளுங்கள். புக்கிட் சீடிம் தோட்டத்துப் பாட்டாளிகளிடமிருந்து ஒற்றுமையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரபுக்களின் வரலாற்றை எழுத ஆளும் உண்டு, பணமும் உண்டு. டெக்கில் வந்தவர் வரலாற்றை யார் எழுதுவது? பழைய கப்பல் டிக்கெட்டு, அடையாளச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம் எதுவானாலும் குப்பையென்று எரித்துவிடாதீர்கள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். "தாத்தா, யாரு வந்தாங்க? எந்த ஊருல ஏறினாங்க? எந்தத் தோட்டத்துக்குப் போனாங்க?" என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். பதிலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பெரியவர் போன பிறகு கேட்க முடியாது.

ரஜூலாவின் முதலாளி யார் என்று கேட்டுத் தொடங்கினோம். சட்டப்படி அது இஞ்ச்கேப் பிரபுவின் கம்பெனிக் கப்பல்தான். ஆனால் அந்தக் கம்பெனியின் கணக்கேட்டில் வெறும் எண்ணாக இருந்தவர்களே இங்கே காட்டைத் திருத்தினார்கள், ரயில் பாதை போட்டார்கள், பள்ளியைக் காத்தார்கள். அவர்கள் பெயரை எழுதி வைக்க வேண்டியது நாம்.